எழுதினவர்தான் அடிக்கணும்

மார்ச் 3, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் இருந்திருக்கிறது. ‘இருந்திருக்கிறது’ என்று எழுதும்போதே தெரிந்துவிடும், நான் போகவில்லை. சின்ன மகள் குட்டியின் டீச்சர் திரும்பத் திரும்ப போன் செய்திருக்கிறார். நான் அந்த நேரம் ஒரு துணிக்கடை லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். போன் கீழே பையில்.

டீச்சர் அடுத்ததாக என் மனைவிக்குப் போன் போட்டுவிட்டார். அவள் கிளம்பிப் போனதே முந்தாநாள்தான். டயாலிசிஸ் மெஷின் ஓட்டக் கற்றுத்தரும் படிப்பு, வேறு ஊரில், ஆறு மாதம். வார்டில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தவளை ஆஸ்பத்திரியே தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறது. இதற்கு முன்னால் இரண்டு தடவை இந்த வாய்ப்பு வந்து, இரண்டு தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். முதல் தடவை பெரியவள் வயிற்றில் இருந்தாள். அடுத்த தடவை குட்டிக்கு மூச்சிரைப்பு. இந்த முறை பாதியில் திரும்பி வந்தால் இனிமேல் அவளை யாரும் கேட்க மாட்டார்கள்.

சாயங்காலம் போனில் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “என்னங்க, நான் வந்துடட்டுமா?” என்றாள்.

அந்தக் கேள்வியை அவள் இன்னொரு தரம் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

மார்ச் 4, புதன்

யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் லிஃப்ட் விஷயத்தில் நான் எதையும் மறந்ததில்லை. கயிறு, பிரேக், கதவு, மணி, விளக்கு - எல்லாம் வரிசையாகப் பார்த்து டிக் போடுகிறேன். அப்படியானால் எனக்கு ஞாபகசக்தி இருக்கிறதா? மண்ணாங்கட்டி. கம்பெனி கையில் ஒரு சீட்டு கொடுத்திருக்கிறது. அதில் இருப்பதைச் செய்கிறேன். வீட்டுக்குத்தான் சீட்டு இல்லை.

பழைய சர்வீஸ் சீட்டுகளின் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அதில் எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத வேலைகள் வந்துகொண்டே இருந்தன. சீட்டு போதாமல் இன்னொன்று எடுத்தேன். எழுதி முடித்தபோது ஒரு கல்யாணமே நடத்தி முடித்த களைப்பு. கொஞ்சம் படுத்தேன்.

சாயங்காலம் கணக்குப் பார்த்தால் இரண்டு வேலைதான் முடிந்திருந்தது. அதில் ஒன்று, ‘பட்டியல் எழுதுவது’.

மார்ச் 6, வெள்ளி

பட்டியலைச் சட்டைப் பையில் வைத்தேன். சட்டை வாஷிங் மெஷினுக்குப் போனது. பெரியவள் காலையில் தன் யூனிஃபார்மை உதறி உதறிப் பார்த்துவிட்டு என் முன்னால் நீட்டினாள்.

“இந்தாப்பா. இன்னிக்கு நீ செய்யவேண்டிய வேலையெல்லாம் என் யூனிஃபார்ம்ல ஒட்டிக்கிட்டிருக்கு. படிச்சுப் பாத்துச் செய்.”

அவள் அம்மாவின் வாய் அப்படியே வந்திருக்கிறது. பத்தாவது படிக்கிறாள். நானும் பத்தாவதுதான் படித்தேன், எனக்கு இந்த வாய் வரவில்லை.

இனி பட்டியல் ஃபிரிட்ஜ் கதவில். காந்த வில்லை வைத்து.

மார்ச் 8, ஞாயிறு

இந்தப் பட்டியல் விஷயம் வேடிக்கையாக இருக்கிறது. ஏன் சில வரிகள் தாமாகவே நடக்கின்றன, சில வரிகள் சண்டி மாடு மாதிரி நிற்கின்றன? இரண்டு நாளாக, இதுவரை எழுதிய சீட்டுகளையெல்லாம் வைத்துக்கொண்டு ஆராய்ச்சி. பெரியவள் பரீட்சைக்குப் படிக்கும் மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து நானும் படிக்கிறேன். குட்டி வந்து, “அப்பா, உனக்கு எப்போ பரீட்சை?” என்று கேட்டாள்.

கண்டுபிடித்தவை: காலையில் எழுதினால் எனக்குப் பேராசை வருகிறது. வேலை முடிந்து வந்து, கை கால் வலிக்கும்போது மறுநாளுக்கு எழுதினால் நியாயமாக எழுதுகிறேன். வலிக்கிற முதுகு பொய் சொல்லாது போல.

இன்னொன்று. ‘வீடு சுத்தம்’ என்று நாலு சீட்டில் எழுதியிருக்கிறேன், நாலிலும் அப்படியே கிடக்கிறது. ஆனால் ‘சிங்க் அடியில் இருக்கும் வாளி’ என்று எழுதிய அன்றைக்கே வாளி சுத்தமாகிவிட்டது. வீடு என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? கை எங்கே போகும்? வாளி என்றால் கை வாளிக்குப் போகிறது. கை வைக்கிற மாதிரி எழுத வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வயசு ஆகியிருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

ஏற்கெனவே முடித்த வேலைகளையும் பட்டியலில் எழுதி, கோடு போட்டு அடிக்கிறேன். பல் தேய்த்ததைக் கூட. வெட்கம்தான். ஆனால் நன்றாக இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

கேஸ் தீர்ந்துவிட்டது. பட்டியலில் ‘கேஸுக்குச் சொல்ல’ என்று நான்தான் எழுதியிருந்தேன். அந்த வரி அடிக்கப்பட்டிருந்தது. பெரியவள் சொல்லிவிட்டாள் என்று நான் இருந்தேன். அப்பா சொல்லிவிட்டார் என்று அவள் இருந்தாள். இரண்டு பேரும் சொல்லவில்லை. ரொட்டியும் பழமும்தான் சாப்பாடு.

விசாரணை நடந்தது. குற்றவாளி இரண்டாம் வகுப்பு.

“ஏன்டி அடிச்சே?”

“நல்லாயிருந்துச்சு.”

எனக்கும் நன்றாகத்தான் இருக்கிறது, அதனால்தான் பல் தேய்த்ததை எல்லாம் எழுதி அடிக்கிறேன்.

அப்போதுதான் எங்கள் தொழில் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் சொன்னேன். லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் இறங்கும்முன் மெயின் சுவிட்சை அணைத்து, அவரவர் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவோம். அந்தப் பூட்டைப் போட்டவன்தான் எடுக்க வேண்டும். மேனேஜர் வந்து நின்றாலும் சரி, மந்திரி வந்து நின்றாலும் சரி. உள்ளே ஆள் இருக்கிறானா, வேலை முடிந்ததா என்று பூட்டியவனுக்குத்தானே தெரியும். ஒரு தடவை என்னோடு வேலை செய்கிற தாடி, சாவியை மறந்து பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அவன் திரும்பி வரும்வரை ஒரு கட்டடமே மாடிப்படி ஏறியது. ஏறின ஒவ்வொருவரும் அவன் குலத்தையே வாழ்த்தினார்கள். ஆனாலும் பூட்டை யாரும் உடைக்கவில்லை.

“அதனால இனிமே நம்ம வீட்டுலயும் அதுதான் சட்டம். யார் எழுதினாங்களோ அவங்கதான் அடிக்கணும். முடியாத வேலையை யாரும் அடிக்கக் கூடாது.”

குட்டி தலையை ஆட்டினாள். கண் அகலமாகிவிட்டது. பூட்டுக் கதை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

அவள் வந்துவிட்டுப் போனாள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு விடுவார்கள். காலையில் வந்து சாயங்காலம் பஸ்.

பையை வைப்பதற்கு முன்னால் குளியலறையைப் பார்த்தாள். “இதுல குளிச்சா அழுக்கு போகுமா, ஒட்டுமா?” என்று கேட்டாள். பாத்திர அடுக்கைப் பார்த்து ஒரு பெருமூச்சு. குட்டியின் நகத்தை வெட்டினாள், பெரியவள் தலையில் எண்ணெய் வைத்தாள், என் சட்டைப் பொத்தானைத் தைத்தபடியே மெஷினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் கதவுப் பட்டியலைப் படித்துவிட்டு நெடுநேரம் சிரித்தாள். “பல் தேய்த்தல்... இதை வேற எழுதி அடிச்சிருக்கீங்க.”

கிளம்பும்போது முகம் தெளிவாக இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

சட்டத்தில் ஓட்டை. ‘சோப்பு’ என்று நான் எழுதினேன். பெரியவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சோப்பு வாங்கி வந்துவிட்டாள். ஆனால் எழுதியது நான், அவள் அடிக்கக் கூடாது. வரி அடிக்கப்படாமல் இருந்ததால் நானும் வாங்கினேன். வாங்கிய பிறகும் நான் அடிக்க மறந்தேன். இன்றைக்குத் திரும்பவும் வாங்கினேன். மூன்றாவது தடவை கடைக்காரர் கேட்டுவிட்டார், “வீட்டுல ஏதாவது விசேஷமா?”

குளிக்கிற விசேஷம்தான்.

ஆளுக்கு ஒரு சீட்டு என்று பிரித்துவிட்டோம். குட்டியும் தனக்கு ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். அவள் சீட்டு ஃபிரிட்ஜின் கீழ்ப் பக்கத்தில், அவள் உயரத்துக்கு.

மார்ச் 20, வெள்ளி

பெரியவளுக்குக் காய்ச்சல். டாக்டரிடம் போய் வந்தோம். பயப்பட ஒன்றுமில்லை, இரண்டு நாள் படுத்திருக்கச் சொன்னார். போர்வைக்குள்ளிருந்தே சொல்கிறாள், “அம்மாகிட்ட சொல்லாதேப்பா. உடனே பஸ் ஏறிடுவாங்க.”

அதுவும் சரிதான். அவள் ஏறிவிடுவாள். இரண்டாவது தடவை வந்த வாய்ப்பு இப்படித்தானே போனது.

என் சீட்டில் எழுதினேன்: ‘காய்ச்சல் விஷயம் அவளிடம் சொல்லாமல் இருக்க.’ பக்கத்தில் நின்ற குட்டி எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“இது ஒரு வேலையாப்பா?”

“ஆமாம்மா. இதுவும் வேலைதான். கொஞ்சம் கஷ்டமான வேலை.”

போனில் அவள் கேட்டபோது எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். பெரியவள் எங்கே என்றாள். படிக்கிறாள் என்றேன். போர்வைக்குள் படித்துக்கொண்டிருந்தாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 22, ஞாயிறு

காய்ச்சல் இறங்கிவிட்டது. குனிந்து காய்கறி எடுக்கும்போது குட்டியின் சீட்டைப் பார்த்தேன். ‘ஷூ துடைக்க.’ அடித்தாயிற்று. ‘அக்காவுக்குத் தண்ணி கொடுக்க.’ அடித்தாயிற்று. அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில்:

‘அம்மாகிட்ட போன்ல அழக்கூடாது.’

அது அடிக்கப்படவில்லை.

கேட்டேன், “குட்டி, இதை எப்போ அடிப்பே?”

“அம்மா படிப்பு முடிஞ்ச அப்புறம். இப்போ அடிச்சா பூட்டை எடுத்த மாதிரி ஆயிடும்ல.”

தூக்கி வைத்துக்கொண்டு, “நீ என் தங்கம்டி” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. இத்தனை சின்ன மூளைக்குள் எப்படி எல்லாம் ஏறுகிறது?

மார்ச் 23, திங்கள்

ஆனாலும் ஒன்று புரியவில்லை. செய்கிற வேலை முடிந்தால் தெரியும். செய்யாமல் இருக்கிற வேலை எப்போது முடிகிறது? அழாத ஒவ்வொரு நாளும் அடிக்க வேண்டுமா, கடைசியில் ஒரேயடியாகவா? டீ குடிக்கும்போது தாடியிடம் கேட்டேன்.

“யோவ், நான் சிகரெட்டை விட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? என் வீட்டுக்காரி இன்னும் தினம் என் வாயை மோந்து பாக்கிறா. நான் விட்டுட்டேன்னு அவ ஒத்துக்கணும்னா நான் சாகணும். அப்பதான்யா அதை அடிக்க முடியும்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் உள்ளேதான் நிக்கணும். பூட்டு தொங்கும்.”

சொல்லிவிட்டு என் பிஸ்கெட்டையும் எடுத்துத் தின்றான்.

மார்ச் 25, புதன்

எல்லாம் அடித்தாயிற்று. மூன்று சீட்டும். காய்ச்சல் வரியும் குட்டியின் கடைசி வரியும்தான் பாக்கி, அவை நிற்க வேண்டியவை. ஃபிரிட்ஜ் முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் கம்பெனி ஆள் வந்து பார்த்தால் எனக்குப் பதவி உயர்வு கொடுப்பான்.

மார்ச் 28, சனி

நாளைக்கு அவள் வருகிறாள். குளியலறையைத் தேய்த்துத் தேய்த்து என் தோல்தான் உரிந்தது. பாத்திர அடுக்கு, பிள்ளைகள் நகம், என் பொத்தான் - போன தடவை அவள் செய்தது எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தி எழுதி முடித்துவைத்தோம். அவள் வந்தால் கையைக் காலை நீட்டி உட்கார வேண்டும், ராணி மாதிரி.

கடைசியாகச் சீட்டுகளைக் கழற்றி என் மேசை டிராயரில் வைத்தேன். காய்ச்சல் வரியைப் பார்த்தால் துளைத்து எடுத்துவிடுவாள். குட்டியின் வரியைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம்.

மார்ச் 29, ஞாயிறு

அவள் வந்தாள், உட்கார்ந்தாள். நான் நினைத்த மாதிரியேதான். ஆனால் ராணி மாதிரி இல்லை. டாக்டருக்காகக் காத்திருக்கிறவர்கள் உட்காருவார்களே, அப்படி, நாற்காலி நுனியில்.

எழுந்து குளியலறையைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குட்டியின் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அலமாரியைத் திறந்து, மடித்து வைத்த துணியை எடுத்துப் பிரித்துத் திரும்ப மடித்தாள். ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்து, “பட்டியல் எங்கே?” என்றாள்.

“எல்லாம் முடிஞ்சுது. அதான் எடுத்துட்டோம்.”

“எனக்குன்னு ஒண்ணும் வைக்கலையே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அறிவாளி நான்.

பஸ் ஏறும்போது, “நான் இல்லாமலே நல்லா ஓடுதுங்க. சந்தோஷம்தான்” என்றாள். சந்தோஷம் என்று சொன்ன முகம் மட்டும் பஸ் படியில் வேறு பக்கம் திரும்பியிருந்தது. குட்டி அழவில்லை. கை மட்டும் ஆட்டினாள், காவல்காரன் மாதிரி விறைப்பாக.

ஏப்ரல் 1, புதன்

படிப்பின் அடுத்த பகுதி ஆரம்பிக்கிறதாம். தொடர்வதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும், திங்கட்கிழமைக்குள். எல்லாரும் போட்டுவிட்டார்கள். அவள் போடவில்லை. போனில் கேட்டேன்.

“ஏன்?”

“தெரியலைங்க.”

“வீட்டுல ஒரு குறையும் இல்லையே. நீதான் பாத்தியே.”

“பாத்தேன். அதான்.”

அதான் என்றால் என்ன? கேட்டதும் கொட்டிவிட்டாள். “இங்கே முதல் நாளே ஒண்ணு சொல்லிக் கொடுத்தாங்க. மெஷின் சத்தம் போட்டா பயப்படாதே, உனக்கு ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம். சத்தமே இல்லைன்னாதான் போய்ப் பாக்கணும். நம்ம வீட்டுலேருந்து ஒரு சத்தமும் வரலைங்க. போன் பண்ணினா நீங்க சர்வீஸ் ரிப்போர்ட் படிக்கிறீங்க. பெரியவ படிக்கிறேன்றா. குட்டி ‘ம்’முன்றா. அந்தப் பிள்ளை அவ்வளவு பேசுமே, அதுக்கு என்ன ஆச்சு? என்னை மறந்துடுச்சா? எனக்கு ராவெல்லாம் இதே நினைப்பு. இப்படி ஒரு படிப்பு எனக்கு எதுக்கு?”

எனக்குத் தலை சுற்றுகிறது. வீடு ஓடாவிட்டால் வந்துவிடுவாள் என்று ஓட ஓட ஓட்டினேன். ஓடுகிறது என்று பார்த்து வரப் பார்க்கிறாளே. இது என்ன கணக்கு? எந்தப் பட்டியலில் நான் தப்பு செய்தேன்? எல்லாத்தையும் அடிச்சேனே - ஒண்ணு விடாம அடிச்சேனே.

ஏப்ரல் 2, வியாழன்

இன்றைக்கு அவள் போன் செய்தபோது நான் பேசி முடித்துக் குட்டியிடம் கொடுத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்று பார்த்தேன். இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை. போனைக் கொடுத்ததும் அடுப்படிக்கு ஓடிவிடுவேன், பட்டியலில் அடுத்த வரி இருக்குமே.

குட்டி போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டாள். இன்னொரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உதட்டை உள்ளே இழுத்து மூடிக்கொண்டாள். அம்மா ஏதோ கேட்கிறாள். “ம்.” இன்னும் ஏதோ கேட்கிறாள். “ம்.” வாயைத் திறந்தால் வந்துவிடும். அதனால் திறக்கவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டு நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

பெரியவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். “தினம் இப்படித்தான்ப்பா. நீ பாத்ததில்லையா?”

பார்த்ததில்லை.

வேலைக்குப் போகிற இடத்தில் சின்னதாக ஒரு கிறீச் சத்தம் கேட்டாலும் நின்று காது கொடுக்கிறவன் நான். இதற்குச் சம்பளம் வாங்குகிறேன்.

ஏப்ரல் 4, சனி

மத்தியானம் டிராயரிலிருந்து சீட்டுகளை எடுத்து மறுபடியும் ஃபிரிட்ஜில் மாட்டினேன். தரையில் உட்கார்ந்தால்தான் குட்டியின் சீட்டு கண்ணுக்கு நேராக வரும். உட்கார்ந்துகொண்டு அவளைக் கூப்பிட்டேன்.

“குட்டி, இந்த வரியை அடிச்சிடலாமா?”

“இன்னும் முடியலையே.”

“பரவாயில்லை. அப்பா சொல்றேன், அடிச்சிடு.”

“முடியாததை அடிக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே. உள்ளே ஆள் இருந்தா?”

என்னிடமே என் சட்டம். நானாக அடிக்கலாம் என்றால் எழுத்து அவளுடையது. எழுத்துக்குப் பக்கத்தில் என் பேனாவைக் கொண்டுபோனதுமே சீட்டின்மேல் கையை வைத்து மூடிவிட்டாள். மேனேஜர் வந்தாலும் சரி, மந்திரி வந்தாலும் சரி.

அப்புறம் எனக்கு ஒன்று தோன்றியது. அவள் வரியை நான் தொடக் கூடாது. என் வரி என்னுடையதுதானே? ‘காய்ச்சல் விஷயம் சொல்லாமல் இருக்க’ - அதை எழுதியதும் நான், அதைப் பார்த்துத்தான் அவளும் எழுதினாள். போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு, தரையில் உட்கார்ந்தபடியே இவர்கள் அம்மாவைக் கூப்பிட்டேன்.

“கேளு. பெரியவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. போன மாசம். உன்கிட்ட சொல்லலை.”

“என்னது?”

“இப்போ சரியாயிடுச்சு. இன்னும் இருக்கு, கேளு. கேஸ் தீந்துபோய் ரொட்டி தின்னோம். வீட்டுல இருக்கிற சோப்பை வச்சு ஒரு கடை போடலாம். நீ வர்றேன்னு குளியலறையைத் தேய்ச்சதுல எனக்கு முதுகு பிடிச்சுக்கிட்டு, படுக்கையில திரும்பிப் படுக்க முடியலை. டீச்சர் முகத்தை இன்னும் நான் பாக்கலை, பயமா இருக்கு. பெரியவளும் நானும் தலைகாணி உறைக்குச் சண்டை போட்டு ஒரு நாள் பூரா பேசாம இருந்தோம். ஒண்ணும் நல்லா இல்லை. ஓடுது, அவ்வளவுதான். நீ இல்லாம இந்த வீடு வீடாவே இல்லை. ஆனா நீ படிச்சுட்டுத்தான் வரணும். ரெண்டும்தான்.”

கடைசியில் என் குரலே எனக்குப் பிடிபடவில்லை. பெரியவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

“குட்டி?” என்றாள் அவள் போனில். “குட்டி, இருக்கியாம்மா?”

குட்டி என்னைப் பார்த்தாள். தன் சீட்டைப் பார்த்தாள். உதடு உள்ளே போனது. வெளியே வந்தது. பிறகு ஒரு அழுகை. அப்பப்பா, அது எங்கே இருந்தது அத்தனை நாளும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து மூடிய சத்தம் கேட்டது.

“அழும்மா,” என்றாள் அவள். அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். “நல்லா அழு. நான் எங்கேயும் போகலை, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

விக்கலுக்கு நடுவில் குட்டி திரும்பி என்னிடம் கேட்டாள்: “அப்பா, இப்போ இதை அடிக்கணுமா, கிழிக்கணுமா?”

முடித்தால் அடிக்கலாம். முடியாமல் போனால் நாளைக்கு மாற்றி எழுதலாம். எழுதியிருக்கவே கூடாத வரியை என்ன செய்வது? பெரியவள்தான் சொன்னாள், “ரெண்டும் வேண்டாம்டி. விட்டுடு.”

“என்னது அடிக்கிறது, கிழிக்கிறது?” என்று அவள் போனில் கேட்டாள். பெரியவள் வரியை வாசித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, “உங்க அப்பாவை என்ன செய்றதுன்னு நான் வந்து சொல்றேன்” என்றாள்.

திட்டினாள் என்னை, ஒரு மூச்சு. காய்ச்சலில் ஆரம்பித்து சோப்பு வரைக்கும். உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது.

ஏப்ரல் 6, திங்கள்

கையெழுத்துப் போட்டுவிட்டாளாம்.

ஏப்ரல் 8, புதன்

பட்டியலை விடவில்லை. நல்ல சாமான் அது, பழியை அதன்மேல் போடக் கூடாது. வாளிக்கும் கேஸுக்கும் அதைப்போல் உண்டா? ஆனால் யாரும் எதையும் ‘சொல்லாமல் இருக்க’ என்று எழுதக் கூடாது என்று புதுச் சட்டம். பெரியவள் கேட்டாள், “எதிர்த்துப் பேசாமல் இருக்கன்னு நீ எனக்குத் தினம் சொல்றியே, அது?” யோசிக்கிறேன் என்றேன். மாட்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் போய் டீச்சரைப் பார்த்தேன். நல்ல மாதிரி. ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டதால் குட்டியின் வகுப்புக்கு வெளியே சின்ன நாற்காலியில் மடங்கி உட்கார வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 10, வெள்ளி

சாயங்காலம் போன் செய்தாள். இந்த ஞாயிறு வரமாட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை வார்டில் ஆள் குறைவு, அன்றைக்கு இருக்கிற மாணவர்களை மெஷினைத் தனியாக ஓட்ட விடுவார்கள், நான் இருக்கிறேன் என்று தானே கேட்டு வாங்கிக்கொண்டாளாம். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. சொல்லும்போது குரல் கொஞ்சம் பயந்தாற்போலவும் இருந்தது, குதிக்கிறாற்போலவும் இருந்தது. “நீங்க என்ன சொல்றீங்க?” என்றாள். “நான் என்ன சொல்றது, குட்டிகிட்ட நீயே சொல்லு” என்று போனைக் கொடுத்தேன்.

குட்டி கேட்டாள். அழுதாள். தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, வஞ்சனை இல்லாமல் அழுதாள். அவள் அம்மா போனை வைக்கவுமில்லை, வந்துவிடுகிறேன் என்று சொல்லவுமில்லை. அங்கேயே இருந்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து போகவில்லை.

அழுகை ஒரு வழியாகத் தேய்ந்து நின்றது. மூக்கை என் சட்டையில் துடைத்துக்கொண்டு குட்டி போனில் கேட்டாள்:

“சரி, அந்த மெஷினை நீ மட்டும் தனியா ஓட்டுவியா? சத்தம் போட்டா?”

அவ்வளவுதான். அந்தப் பக்கம் அவள் சொல்லத் தொடங்கினாள். எந்தக் குழாய் எங்கே போகிறது, ரத்தம் எந்த வழியாக வெளியே வந்து எந்த வழியாக உள்ளே போகிறது, சத்தத்தில் எத்தனை வகை. குட்டி ஒவ்வொன்றுக்கும் “ஏன்?” என்றாள். அம்மா அந்தச் சத்தங்களைப் போனிலேயே போட்டுக் காட்டினாள் போலிருக்கிறது, குட்டியும் போட்டுப் பார்த்தாள். பெரியவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

எண்ணெய் தீர்ந்திருந்தது. கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு, வழியில் தாடியைப் பார்த்து நின்று பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.